களிமண் தொட்டிக்குச் சுற்றிப் போட்ட உப்பு

பால் களிமண் வருகிறது என்று எங்கள் தொழிற்சாலைக் கெமிஸ்ட் சொன்னபோது, வெள்ளையாக ஏதோ வரப்போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். லாரி வந்து நின்றது. தார்ப்பாயை அவிழ்த்துக் கொட்டினால் கட்டி கட்டியாகக் கறுப்பு மண். ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் நடுவில் கரிக்கோடு ஓடியிருந்தது.

"இன்னாடா இது, பால் மண்ணுன்னாங்க, எருமை நெறத்துல கீது" என்றான் இறக்குகிற ஆட்களில் ஒருவன்.

"எருமையுந்தான் பால் குடுக்குது. பேசாம எறக்கு" என்றார் மண் கரைக்கிற பாய்.

அது பந்துக்கு இங்கிலீஷில் சொல்கிற பால் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் சீமையில் அந்த மண்ணை உருண்டை உருண்டையாக வெட்டி எடுத்தார்களாம். தெரிந்த பிறகும் எங்களுக்கு அது பால் மண்தான். சூளையில் வெந்து வரும்போது வெளுத்துவிடும் என்பதால் அந்தப் பெயரில் ஒரு குறையும் தோன்றவில்லை.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்னப் பீங்கான் தொழிற்சாலை இருந்தது. அங்கே வார்ப்புக் கொட்டகையில் எனக்கு வேலை. ஐந்தாவது வரைதான் படித்தவன். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் எங்கள் வீடு. காலையில் குளித்து நீறு பூசி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அங்கே போய்ச் செய்தது என்னவென்றால் கக்கூஸ் பேசின். உறவுக்காரர்கள் கேட்டால் பீங்கான் கம்பெனி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர்கள் தட்டு, கோப்பை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அந்த வேலையில் கூச்சம் இருந்ததில்லை. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாகப் போகிற மனிதர்களை தினம் பார்த்தவன் நான். ஒரு பேசின் போய் ஒரு வீட்டில் உட்கார்ந்தால் ஒரு கூடை குறைகிறது. அது சாமிக்கு ஆகாத வேலை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

செய்முறை கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். களிமண்ணைக் கரைத்து, பிளாஸ்டர் என்கிற சுண்ணச்சாந்தில் செய்த அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அந்த அச்சு தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க, அச்சின் உள்சுவரில் களிமண் ஆடை மாதிரி படிந்து தடிக்கும். போதிய கனம் வந்ததும் மீதியை வெளியே கவிழ்த்துவிட்டு, சற்றுக் காயவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பேசின் நிற்கும். ஊற்றுவதும் கவிழ்ப்பதும் பிரிப்பதும் என் வேலை. கரைப்பது பாயின் வேலை.

கரைத்த களிமண்ணை நாங்கள் கூழ் என்றோம். பால் மண், வெள்ளைக் களிமண், அரைத்த கல்மாவு, தண்ணீர். இதில் யாரும் நினைப்பது, கூழ் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டால் போயிற்று என்று. அப்படி விட்டால் அச்சு அத்தனை தண்ணீரையும் குடித்து நமுத்துப்போகும். பேசினும் காயும்போது ரொம்பச் சுருங்கி வெடிக்கும். தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும், ஆனாலும் கூழ் எண்ணெய் மாதிரி ஓட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து நடத்துவது கொஞ்சம் சோடாவும், சிலிகேட் என்று டின்னில் வருகிற ஒரு பாகும்தான். துடுப்பு சுற்ற முடியாமல் நிற்கிற களிமண்ணில் ஒரு கரண்டி சிலிகேட்டை விட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே இளகி ஓட ஆரம்பிக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது. அளவு மீறினால் அதே மருந்து கூழைத் திரும்பவும் கெட்டியாக்கிவிடும். சரியாகச் செய்த கூழும் நிற்கவிட்டால் உறைந்த மாதிரி ஆகும், கலக்கினால் மறுபடி ஓடும். "தூங்குது, எழுப்பு" என்பார் பாய்.

பாய் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிற கோவளத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். முன்னே ஊறுகாய் ஜாடி செய்கிற இடத்தில் இருந்தவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் படிப்பு இல்லை. கூழ் ஓடுகிற வேகத்தைப் பார்க்க அடியில் ஓட்டை போட்ட ஒரு தகரக் குவளை இருந்தது. அது நிறையக் கூழை ஊற்றி, காலியாக எவ்வளவு நேரம் என்று கெமிஸ்ட் கைக்கடிகாரத்தில் பார்ப்பார். பாய் விரலை மடக்கி மனசுக்குள் தன் தொழுகை வார்த்தையை முப்பத்து மூன்று முறை சொல்வார். நான் பக்கத்தில் நின்றால் சிவசிவா சொல்லுவேன். அவர் முப்பத்து மூன்றை முடிக்கும்போது எனக்கு ஐம்பத்து நாலு ஆகியிருக்கும். அப்போது குவளை காலியானால் கூழ் சரி. "உன் சாமியும் என் சாமியும் ஒரே ஓட்டை வழியா ஓடுது அண்ணாத்த" என்று சிரிப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. விரல் நுனியில் கூழைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புவார். சோடா தூக்கலாக இருந்தால் சவர்க்காரம் மாதிரி கசக்கும். குறைந்திருந்தால் வெறும் மண்ணாக இருக்கும். கெமிஸ்ட் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், ஆனால் தடுக்கமாட்டார். அவருடைய கணக்கும் பாயின் நாக்கும் அநேகமாக ஒத்துப்போகும்.

அந்தக் கறுப்பு மண் வந்த வாரம்தான் தொல்லை ஆரம்பித்தது. அச்சிலிருந்து எடுக்கும்போது பேசின் நன்றாக இருக்கும். காயப் போட்ட இரண்டாம் நாள் கழுத்து வளைவில் முடி மாதிரி ஒரு விரிசல். பத்தில் ஆறு அப்படிப் போயிற்று. பட்டணத்தில் புதிதாகக் கட்டுகிற ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பேசின்கள் அவை. அதே வாரம் அந்தக் கட்டட வேலையை எடுத்திருந்தவர்கள் குடும்பத்தோடு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் தொட்டிக்குள் கையை விட்டு, "வெண்ணெய் கணக்கா இருக்கே, இப்படி எங்கேயும் பார்த்ததில்லை" என்று நான்கு தரம் சொன்னாள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை.

"கண்ணுதான். புள்ளைக்குன்னா ஒரு கை உப்பு போதும். அவ்ளோ பெரிய தொட்டிக்கு?"

"ரெண்டு படி?"

"ரெண்டு படி சுத்துங்க. செவ்வாக்கெழமை, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி."

கோவளம் உப்பளத்திலிருந்து வந்த கல் உப்பு, ஈரம் கசியும், நுனியில் கொஞ்சம் கசப்பும் இருக்கும். இரண்டு படி அளந்து துணியில் முடிந்து கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாகப் போனேன். துடுப்புத் தொட்டியில் முந்தின நாள் பாய் கரைத்து வைத்த கூழ் நிறைந்திருந்தது. வலது பக்கமாக மூன்று சுற்று, இடது பக்கமாக மூன்று சுற்று. எங்கள் மலைமேல் இருக்கிற வேதகிரீசுவரரை நினைத்துக்கொண்டேன். சுற்றியாகிவிட்டது. உப்பை எங்கே கரைப்பது என்று அப்போதுதான் யோசித்தேன். வீட்டில் என்றால் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கால் படாத இடத்தில் ஊற்றுவோம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் குளத்திலேயே உப்பைப் போடுவோம். உப்பு கரைகிற மாதிரி நோய் கரையும் என்று. இந்தத் தொட்டியும் குளம் மாதிரிதானே இருக்கிறது, நோயும் இதற்குத்தானே என்று எனக்குப் பட்டது. மண்ணை உப்பு என்ன செய்துவிடும், கடற்கரை முழுக்க உப்பும் மண்ணும் சேர்ந்துதானே கிடக்கிறது என்றும் நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து இரண்டு படியையும் தொட்டிக்குள் கொட்டினேன். துடுப்பை ஒரு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, மனசு லேசாகி, அச்சுகளைத் துடைக்கப் போனேன்.

பாய் வந்து துடுப்பை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் பெல்ட் கீச்சென்று கத்தத் தொடங்கியது. போய்ப் பார்த்தால் தொட்டியில் கூழ் இல்லை, தயிர் இருந்தது. துடுப்பு போன பாதை வெட்டினது வெட்டினபடி நின்றது. பாய் தூங்குகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஓட்டினார். எழுந்திருக்கவில்லை. அரைக் கரண்டி சிலிகேட் விட்டார். சற்று இளகி மறுபடி இறுகியது. ஓட்டைக் குவளையில் ஊற்றினால் முப்பத்து மூன்று மூன்று தரம் ஆகியும் பாதி நின்றது.

அது நோன்பு மாசம். பங்குனி வெயில். விடிகாலையில் சாப்பிட்டால் சூரியன் மறைகிற வரை எச்சில் விழுங்குவதற்கே பாய் யோசிப்பார். தேவைப்பட்டால் நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று அவர்கள் ஆட்களே சொன்னார்களாம். அவர் கேட்கமாட்டார். விரலில் கூழை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணாத்த, இங்க வா."

போனேன்.

"எனக்கு நோன்பு. நீ கொஞ்சம் நாக்குல வச்சிப் பாரு. சோடா தூக்கலா கீதா, வேற எதுனா கீதான்னு சொல்லு."

தொட்டு வைத்தேன். கடல் தண்ணீரில் குளிக்கும்போது உதட்டில் படுமே, அந்த உப்பு.

உப்புதான் கூழைக் கெடுத்தது என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அதில் உப்பு இருக்கிறது என்று என் நாக்குக்குத் தெரிந்தது. இதைப் பிற்பாடு நான் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை, இங்கேயும் மாற்றி எழுத விருப்பமில்லை.

"சோடாதான் பாய்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கெமிஸ்ட் வந்தார். ஒரு வாரமாகவே பேசின்கள் வெடிப்பதற்கு மேலிடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். தொட்டியைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன போட்டே இதில?"

"எப்பவும் போடறதுதான் சார். ஆனா சோடா தூக்கலா கீது. என் கை தவறிப்பூடுச்சி போல."

"போலன்னா? அளந்து போட்டியா இல்லையா?"

"அளந்துதான் போட்டேன். ஆனா நாக்குல சோடா கசக்குது சார். அப்ப என் கைதான்."

அவர் தன் கைமேல் வைத்த நம்பிக்கையைவிட என் நாக்கின்மேல் வைத்த நம்பிக்கை பெரிதாக இருந்தது. கெமிஸ்ட் வேறு எதையும் கேட்கவில்லை. சனிக்கிழமையோடு நின்றுவிடு, படித்த ஆள் ஒருவனைப் பட்டணத்திலிருந்து வரவழைத்துக்கொள்கிறேன் என்றார். பாய் சரி சார் என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சுற்றிப் போட்டாயிற்று, ஆனால் கூழ் தயிராகிவிட்டது என்றேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"சுத்தின உப்ப எங்க போட்டீங்க?"

"தொட்டியிலதான்."

"பால் மண்ணுன்னு சொன்னீங்களே, அதுலயா? பால்ல உப்பு போட்டா திரியாதா?"

அவள் பந்தென்றும் பாலென்றும் அறியாதவள். ஆனால் எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. பாய் சனிக்கிழமையோடு நிற்கிறார் என்பதையும் சொன்னேன்.  பிறகு, "அவரு வூட்ல நாலு புள்ளைங்க" என்றாள். எங்கள் வீட்டில் மூன்று. அதையும் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் வேலைக்குப் போனேன். பாய் தொட்டியைச் சுரண்டி வெறும் பீப்பாய்களில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். புது ஆளுக்கு எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று கரண்டி, குவளை, சல்லடை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். "பேஜாரு புடிச்ச வேலை, விட்டுச்சின்னு போறேன்" என்று கூட இருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னிடமும் அப்படியே சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மலை ஏறினேன். சாமியிடம் சொல்லி அழுதுவிடலாம் என்றுதான் போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. செவ்வாய்க்கிழமை தொட்டியைச் சுற்றும்போது அவரைத்தானே நினைத்துக்கொண்டு சுற்றினேன். தெரியாதவர் பாய் ஒருத்தர்தான். மேலே போகாமல் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்று பகலெல்லாம் சந்தர்ப்பம் வரவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு பாய் கிணற்றடியில் உட்கார்ந்தார். நோன்பு திறந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தில் கஞ்சி, இரண்டு பேரீச்சம்பழம், ஒரு சொம்புத் தண்ணீர். அதன் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் அந்தக் கூழ்.

"அது இன்னாத்துக்கு பாய்?"

"நாளைக்குப் போறேன் இல்ல. எவ்ளோ சோடா ஏறிச்சின்னு பாத்துட்டுப் போறேன். பொழுது சாயட்டும், அப்புறம் என் வாயி என்னுது."

மேற்கே சூரியன் ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அவர் நாக்கே அவருக்குச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்தது.

"பாய், அதுல சோடா தூக்கலா இல்ல. உப்பு கீது."

"இன்னா உப்பு?"

"சாப்புடற உப்பு. நான்தான் போட்டேன். திருஷ்டி சுத்தி, ரெண்டு படி."

அவர் என்னைப் பார்த்தார், தொட்டி இருக்கிற கொட்டகையைப் பார்த்தார்.

"தொட்டிக்கா சுத்தினே?"

"ஆமா."

"ரெண்டு படி."

"ஆமா பாய்."

"எங்க வாங்கின உப்பு?"

"கோவளத்து உப்பு."

"எங்க ஊரு உப்பே எங்க வூட்டு அடுப்ப அணைக்க வந்துச்சா" என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். அப்போது எனக்கு உயிர் வந்தது.

வெளிச்சம் மங்கியதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்தார். கஞ்சியைத் தொடவில்லை. கொட்டாங்குச்சியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். வாயைக் கொப்பளித்தார். அவர் முகம் மாறியது அதற்குப் பிறகுதான்.

"நாலு நாளாச்சி. இன்னும் இப்படிக் கரிக்குது. அன்னிக்கு உன் நாக்குல வச்சியே, அப்பத் தெரியலியா?"

"தெரிஞ்சுது."

அவர் கை கால் கழுவிக்கொண்டு துண்டை விரித்துத் தொழப் போனார். நான் கிணற்றடியிலேயே நின்றேன். பஸ்ஸில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார், நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை கெமிஸ்ட் அறைக்கு நான் தனியாகப் போனேன். சொன்னதையெல்லாம் நின்றபடி கேட்டார்.

"உப்பா? சோத்து உப்பா?"

"ஆமா சார்."

"எதுக்குய்யா?"

திருஷ்டிக்கு என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "அந்த ஆளு தன் கைதான் தப்புன்னு சொன்னான், நானும் கேட்டுக்கிட்டேன். ஒரு சொட்டு எடுத்துப் பரீட்சை பண்ணிப் பார்த்திருக்கணும்" என்றார். பாயைக் கூப்பிட்டு, "நீ போக வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்து, "நீ போட்ட உப்பை நீயே எடு. அதுவரைக்கும் வார்ப்புப் பக்கம் வராதே" என்றார்.

உப்பை எப்படி எடுப்பது என்பதையும் அவரே சொன்னார். கெட்டியாய்ப் போன கூழைப் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் பிரித்து, நிறையக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். உப்புள்ள களிமண் திரிந்த பாலைப்போலத் திப்பி திப்பியாகச் சேர்ந்து அடியில் உட்காரும், மேலே தண்ணீர் தெளியும். அந்தத் தெளிவை வடித்துவிட்டு மறுபடி நல்ல தண்ணீர். மறுபடி கலக்கு, மறுபடி உட்காரட்டும். உப்பு போகப் போகத் தண்ணீர் தெளிவது மெதுவாகும். முழுக்கப் போய்விட்டால் மண் உட்காரவே உட்காராது, தண்ணீர் கலங்கியே நிற்கும். தண்ணீர் தெளியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். தோள் வீங்கிப்போயிற்று. கெமிஸ்ட் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏதோ மருந்து விட்டுப் பார்த்துவிட்டு இன்னும் என்பார். பாய் அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. துடுப்புக் கம்பு எடுத்துக் கொடுத்தார், வடிக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டார், வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள் என்றார். ஆனால் உப்பு இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு நோன்பு இல்லை, என் நாக்கு சும்மாதான் இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் வரை காத்திருந்து, நோன்பு திறந்து, முதல் வேலையாகத் தானே நாக்கில் வைத்துப் பார்த்தார். அதனால் ஒரு நாளைக்கு ஒரு கழுவல்தான் முடிந்தது. அதற்காகக் கெமிஸ்ட் சத்தம் போட்டார். பாய் கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை.

எட்டாம் நாள் தண்ணீர் தெளியவில்லை. மறுநாளும் கலங்கியே இருந்தது. மண்ணைச் சுண்ணச்சாந்துத் தட்டுகளில் ஊற்றித் தண்ணீரை இறக்கி, புதிதாகக் கரைத்து, புதிதாகச் சோடா போட்டார்கள். முப்பத்து மூன்றில் குவளை காலியாயிற்று. ஊற்றிப் பார்த்த பேசின்களில் ஒன்றிரண்டுதான் வெடித்தன. கெமிஸ்ட் தலையைச் சொறிந்தார். வெளியே குவித்திருந்த கறுப்பு மண் கட்டிகளைப் போய்ப் பார்த்தார். காய்ந்த கட்டிகளின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த மண்ணே தன்னோடு ஓர் உப்பைக் கொண்டுவந்திருக்கிறது, முதலில் பேசின்கள் வெடித்தது அதனால்தான், உன்னுடையதை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு பால் மண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டு நனையவிட்டுத்தான் எடுத்தோம். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "பாருங்க, கண்ணு கழிஞ்சுதா இல்லியா" என்றாள். அவளிடம் நான் வாதாடவில்லை. மனசுக்குள் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பெருநாளைக்குப் பாய் வீட்டிலிருந்து அடுக்கு நிறையச் சேமியாவும் மாம்பழமும் வந்தன. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கரும்பு கோவளம் போயிற்று. என்னை மறுபடி வார்ப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பாய் முன்னே மாதிரியே கிண்டல் பேசினார். ஒரே சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போனோம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கும் நாக்கும் அடைத்திருந்த ஒரு வாரம், சூளைப் பக்கத்து ஆள் ஒருவனைக் கூப்பிட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். அவனுக்குச் சோடாவும் தெரியாது, சுண்ணாம்பும் தெரியாது. நான் ஐந்தடி தள்ளி அச்சு துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த அச்சையே மறுபடி துடைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு எனக்கு இடமில்லை.

அடுத்த வருஷம் நோன்பு மாசி கடைசியிலேயே வந்துவிட்டது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முற்பகல். நான் ஒரு அச்சைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பாய் கரண்டியை எடுத்துக்கொண்டு வார்ப்புக் கொட்டகைக்குள் வந்தார். சூளைக்காரன் வாசலில்தான் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டி வந்தார்.

"அண்ணாத்த, கை காலியா கீதா?"

"இரு பாய், இத்த எறக்கிட்டு வந்துட்றேன்."

அச்சை இறக்கி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டேன். கரண்டியிலிருந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அவசரப்படவில்லை. துப்பிவிட்டு வாய் கொப்பளித்து இரண்டாம் தரமும் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று சவர்க்காரக் கசப்பு. வேறு ஒன்றும் இல்லை. போன வருஷம் நான் சொன்ன அதே வார்த்தையைத்தான் இப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. 

"சோடாதான் பாய். கொஞ்சம் தூக்கல்."

நல்லாப் பாத்தியா என்று கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. கரண்டியைத் துணியில் துடைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பி, "சோடா போதும், மூட்டைய எடுத்து வையி. இன்னும் ரெண்டு கூடை மண்ணு கொட்டு" என்று அங்கிருந்தவனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போனார்.